மகளோடு ஒரே அணியில் ஆட ஆசை, 46 வயதுக் கால்கள் தாங்குமா?

கேள்வி: எனக்கு 46 வயது. தேவகோட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் கூடைப்பந்து அணியில் இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. மே மாத நடுவில் எங்கள் பகுதியில் ஒரு கோடைப் போட்டி நடக்கிறது. ஒரே குடும்பத்து ஆட்கள் ஓர் அணியாக, ஆண் பெண் கலந்து ஆடலாம். விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்கு வருவதால் பெயர் கொடுத்துவிட்டோம். பள்ளி அணியில் ஆடும், பதினொன்றாம் வகுப்பு முடித்திருக்கும் என் மகள், சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் மகன்கள் இருவர், சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, அப்புறம் நான். மனைவியின் தம்பி உபரி ஆள். என் எடை 84 கிலோ. ரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. மாடிப்படி இறங்கும்போது இடது முழங்கால் வலிக்கிறது. என் அம்மா, “இந்த வயசுல உனக்கு என்னத்துக்கு இது” என்கிறார். மகளோ, “கோர்ட்டுல கத்த மாட்டேன்னு சொன்னாத்தான் நான் வருவேன்” என்கிறாள். ஏழு வாரம் இருக்கிறது. நான் ஆடலாமா? எப்படித் தயாராவது?

பதில் (விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவர்):

ஆடலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. ஆனால் இது ஏழு வாரம் கழித்து ஆடப்போகிறவருக்கான பதில். அண்ணன் மகன்கள் வந்து இறங்கிய அன்றைக்கே அவர்களோடு முழுக் கோர்ட்டில் ஓடப்போகிறீர்கள் என்றால் என் பதில் வேறு.

கோடைப் போட்டிகள் நடக்கும் மாதங்களில் எங்களிடம் நொண்டிக்கொண்டு வருகிற நாற்பது வயதுக்காரர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். அவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர்கள். பந்து ரிங்கில் பட்டு எந்தப் பக்கம் விழும், எதிராளியை எந்தத் தோளில் ஏமாற்றிவிட்டு உள்ளே புகலாம் என்பதெல்லாம் அவர்கள் மனதில் அப்படியே இருக்கிறது. மூளை நொடியில் உத்தரவு போடுகிறது. இருபது வருடமாக அப்படி ஓர் உத்தரவையே கேட்காத குதிகால் தசைநாண் அதை நிறைவேற்றப் போய் அறுந்துவிடுகிறது. ஆட்டமே தெரியாதவர் தயங்கித் தயங்கித்தான் ஓடுவார், அவருக்கு இந்த ஆபத்து குறைவு. ஆகவே உங்களுக்கு ஆட்டம் மறந்திருக்குமோ என்ற கவலை வேண்டாம். இந்த ஏழு வாரமும் கால்களுக்குத்தான். அதிலும் ஓடுவதற்கு அல்ல, நிற்பதற்கு. ஓட்டத்திலிருந்து சட்டென்று நிற்பது, நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்புவது, குதித்து இறங்குவது: கூடைப்பந்தில் உடலை வாங்குவது இந்த மூன்றும்தான்.

முதல் வேலை, இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம் இருக்கிற, நாற்பதைத் தாண்டிய, பல வருடமாக ஓடாத ஒருவர் போட்டியில் இறங்கும் முன் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும். ஈசிஜி எடுப்பார்கள், தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனை செய்யச் சொல்வார்கள். சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். “கூடைப்பந்து ஆடப்போகிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘நடைப்பயிற்சி’ என்று சொன்னால் அவர் வேறு மாதிரி யோசிப்பார்.

நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் எழுதவில்லை. அது முக்கியம். அட்டனலால், மெட்டோபுரலால் வகை என்றால் இதயத் துடிப்பை அது ஒரு அளவுக்கு மேல் ஏற விடாது. சீக்கிரம் களைப்பு வரும், நாடியைப் பிடித்துப் பார்த்து உழைப்பை அளக்கவும் முடியாது. நீர் பிரிக்கும் மருந்து கலந்தது என்றால் வெயிலில் உடம்பு சீக்கிரம் வற்றும். எதுவாக இருந்தாலும் ஆட்டத்தன்று நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். நேரத்தை மாற்றுவதா, அளவை மாற்றுவதா என்பதை எழுதிக்கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள்: சமீப மாதங்களில் காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதை. இந்த வகை மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை, குதிகால் தசைநாணைக் குறிப்பாக. நம் ஊர்களில் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் பழக்கம் இருப்பதால் பலருக்கு நினைவிலேயே இருக்காது.

அந்தக் குதிகால் தசைநாணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் முழங்காலைவிட எனக்கு அதைப் பற்றித்தான் கவலை. கெண்டைக்கால் சதையையும் குதிகால் எலும்பையும் இணைக்கிற தடித்த நாண் அது. விரலால் பிடித்துப் பார்த்தால் கயிறு போலத் தெரியும். குதிகாலுக்கு மேலே இரண்டு விரல், மூன்று விரல் அகலத்தில் அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அறுந்தவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி சொல்வார்கள்: “பின்னாலிருந்து யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சு, திரும்பிப் பார்த்தா யாருமே இல்லை.” அதன் பிறகு அந்தக் காலில் எம்பி நிற்க வராது. பல மாதம் கடைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டிய காயம் இது. அதே நேரம், இந்த நாணைப் பலப்படுத்த உபகரணம் எதுவும் வேண்டாம். பொறுமை ஒன்று போதும்.

உங்கள் வீட்டு முகப்புப் படியே போதும். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை வெளியே தொங்கவிட்டு நில்லுங்கள். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள், தாங்குவதற்காக அல்ல, தடுமாறாமல் இருக்க. இரண்டு காலாலும் மெதுவாக எம்புங்கள். மேலே போய் ஒரு நொடி நிற்க வேண்டும். இறங்கும்போது மூன்று வரை எண்ணிக்கொண்டே, குதிகால் படி மட்டத்துக்குக் கீழே போகும்வரை இறங்குங்கள். பலன் முழுக்க இந்த மெதுவான இறக்கத்தில்தான் இருக்கிறது. தொப்பென்று இறங்கினால் செய்ததே வீண். முதல் இரண்டு வாரம் இரண்டு காலால் 15 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் வாரத்திலிருந்து ஒற்றைக் காலில். முதல் நாள் எட்டு ஒன்பதுக்கு மேல் வராது, பரவாயில்லை. போட்டிக்கு முந்தின வாரம் ஒவ்வொரு காலிலும் தனித்தனியாக, முழு உயரத்துக்கு, இருபது தடவை எம்ப முடிந்தால் எனக்கு நிம்மதி. பத்தோடு நின்றுவிட்டால் முழுக் கோர்ட் ஆட்டத்துக்கு அந்தக் கால் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையில் மட்டும் எனக்காகக் கண்டிப்பாக இருங்கள்.

முழங்காலுக்கு வருகிறேன். படி ஏறும்போது இல்லாமல் இறங்கும்போது வலி என்றால், பெரும்பாலும் முழங்கால் சில்லுக்குப் பின்புறம் அழுத்தம் கூடுவதால் வருவது. தொடையின் முன்சதை பலவீனமாக இருப்பவர்களுக்கும், நாள் முழுக்கக் கல்லாவில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது சாதாரணம். வீக்கம் இருந்தாலோ, முழங்கால் நடுவழியில் மாட்டிக்கொண்டாலோ, ‘விலகிப் போகிற மாதிரி’ இருந்தாலோ அது வேறு கதை. அப்போது எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம். அப்படி எதுவும் இல்லையென்றால் நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுங்கள், 10 தடவை, மூன்று சுற்று. அது சுலபமான பிறகு, தாழ்வான படியில் ஒரு காலில் நின்று மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும் அளவுக்கு மெதுவாக இறங்கி ஏறுங்கள். இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாத விரல்களின் திசையிலேயே போக வேண்டும். கண்ணாடி முன் நின்று செய்தால் தெரியும். லேசான வலி இருந்தால் தொடரலாம். மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் நீங்கள் அதிகமாகச் செய்துவிட்டீர்கள்.

ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் வேகநடை மட்டும், அரை மணி நேரம், காலை ஆறரைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் நின்ற இடத்திலிருந்து ஷூட் மட்டும். மூன்றாம் நான்காம் வாரம் மெது ஓட்டம், அதில் நிற்கப் பழகுவது: பத்தடி ஓடி இரண்டு எட்டில் நிற்பது, பிறகு ஒரே எட்டில் நிற்பது, பிறகு பக்கவாட்டில் நகர்ந்து நிற்பது. ஸ்கிப்பிங் கயிறு இருந்தால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று கூட்டுங்கள். ஐந்தாம் ஆறாம் வாரம் பாதிக் கோர்ட்டில் மூவருக்கு மூவர் ஆடலாம், வாரம் மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி விட்டு. கடைசி வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். விட்டதையெல்லாம் பிடிக்கிறேன் என்று கடைசி வாரத்தில் உழைத்துக் களைத்துப்போய் இறங்குபவர்கள் முதல் ஆட்டத்திலேயே அடிபடுகிறார்கள்.

நம் பக்கத்து வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளமான நடை இருக்கிறது, மழை வெயில் படாமல் நடக்க அருமையான இடம். நடந்துகொள்ளுங்கள். ஆனால் குதிப்பது, பக்கவாட்டில் நகர்வது எதையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் செய்யாதீர்கள். வழவழப்பான கல்லில் லேசாக வியர்வை சொட்டினாலும் கால் நழுவும். செம்மண் தரையோ கோர்ட்டோதான் சரி. அப்புறம், பரணில் கல்லூரிக் காலத்து ஷூ இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். பல வருடம் கிடந்த ஷூவின் அடிப்பாகம் ஆட்டத்தின் நடுவே பெயர்ந்து வரும். ஓடுவதற்கான ஷூவும் கூடைப்பந்துக்கு ஆகாது, பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்காலைச் சாய்த்துவிடும். சிமென்ட் கோர்ட்டுக்கு ஏற்ற தடித்த ரப்பர் அடி கொண்ட கூடைப்பந்து ஷூ ஒன்று வாங்கி, போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே போட்டுப் பழகுங்கள்.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரியில் படித்துவிட்டு நம் வட்டாரப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்களாக இருப்பவர்கள் நிறையப் பேர். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு நீங்கள் குதித்து இறங்குவதைப் பார்க்கச் சொல்லுங்கள். நாமே பார்க்க முடியாத தப்பு அவர் கண்ணுக்குத் தெரியும்.

இனி ஆட்டத்துக்குள் நீங்கள் என்ன செய்வது? ஓடி ஓடிப் பந்து பறிக்கும் வேலையை அண்ணன் மகன்களிடம் விட்டுவிடுங்கள். கோர்ட் 28 மீட்டர் நீளம். எதிரணி பந்து கிடைத்ததும் வேகமாகப் பாய்ந்து ஃபாஸ்ட் பிரேக் போகும் ஒவ்வொரு முறையும் நீங்களும் பாய்ந்தால் முதல் கால் பகுதியிலேயே மூச்சு முட்டும். ஆளுக்கு ஆள் காவலுக்குப் பதில், ஆளுக்கொரு பகுதியைக் காக்கும் ஜோன் ஆடுங்கள், முன்னால் இருவர், பின்னால் மூவர். பின்வரிசையில் போர்டுக்குக் கீழே நடுவில் நீங்கள். அங்கே உங்கள் 84 கிலோவுக்கு வேலை இருக்கிறது. பந்து ரிங்கில் பட்டதும் எதிராளியை முதுகால் மறித்து இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், எம்பி எடுப்பதை இளையவர் செய்யட்டும். இதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. கூடைப்பந்தில் மிக அதிகமாக நடக்கும் காயம் கணுக்கால் பிசகுவது. அது பெரும்பாலும் கூட்டத்தில் எம்பி, அடுத்தவர் பாதத்தின் மேல் இறங்குவதால்தான் வருகிறது. நம் அணி தாக்கும்போது மகளுக்கு ஸ்கிரீன் போட்டுக்கொடுங்கள், அதாவது அவளைக் காவல் காப்பவரின் வழியை உடலால் மறித்து நில்லுங்கள். அசையாமல் நிற்க வேண்டும், நகர்ந்தால் ஃபவுல்.

தினமும் ஐம்பது ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுல் செய்தால், கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் போடக் கிடைக்கும் பந்து) போடுங்கள். காலுக்குச் சிரமம் இல்லாத பயிற்சி இது, முதல் வாரத்திலிருந்தே செய்யலாம். பின்னால் போகப் போக, ஓடிவிட்டு மூச்சு வாங்கும்போதே போட்டுப் பழகுங்கள். ஆட்டத்தில் அந்தக் கோட்டில் நிற்கும்போது மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருக்கும். இந்த மாதிரிக் குடும்ப அணிகளின் ஆட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று புள்ளியில் முடியும், ஃப்ரீ த்ரோவைத் தவறவிடாத ஒருவர் அணியில் இருப்பது பெரிய பலம்.

ஆறு பேரோடு போகாதீர்கள். விதிப்படி பன்னிரண்டு பேர் வரை பெயர் கொடுக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். உள்ளூர்ப் போட்டியில் கணக்கு வேறாக இருக்கலாம், நடத்துபவர்களைக் கேளுங்கள். குடும்பம் என்றால் நம் ஊரில் பங்காளிகளும் சேர்ந்ததுதானே. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால்கூட நீங்கள் மூன்று நான்கு நிமிடம் ஆடி, அதே அளவு உட்கார முடியும். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியென்றால் இரண்டாவதில் உங்கள் நேரம் இன்னும் குறைய வேண்டும். களைத்த காலில்தான் காயம் வருகிறது.

வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அக்னி நட்சத்திரத்தில் தேவகோட்டையில் 38, 39 டிகிரி சாதாரணம். பெரியகுளம் மாதிரி இடங்களில் கோடைப் போட்டிகளை மாலைக்கு மேல் மின்னொளியில் நடத்துவதும் அதனால்தான். ஆனால் பகலெல்லாம் காய்ந்த சிமென்ட் இரவு எட்டு மணிக்கும் கீழிருந்து அனல் விடும். வெப்பத்துக்கு உடம்பு பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்குக் குறுக்குவழி இல்லை. எனக்குக் கவலை உங்கள் தம்பியைப் பற்றி. சிங்கப்பூரிலும் வெயில்தான், 31, 32 டிகிரி, ஆனால் ஏசி அலுவலகத்திலும் ஏசி ரயிலிலும் இருந்துவிட்டு, திருச்சியில் விமானம் இறங்கி மூன்றாம் நாள் கோர்ட்டுக்கு வந்தால் அவருக்குத்தான் முதலில் மயக்கம் வரும். முடிந்தால் பத்து நாள் முன்னதாக வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அவருடைய நிமிடங்கள் உங்களுடையதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு தம்ளர் தண்ணீர், பிறகு உட்காரும் ஒவ்வொரு முறையும் சில மடக்கு. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது, உப்பு எவ்வளவு என்பதை மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து வைக்கலாம், தட்டையாக அளந்து. விடுமுறை வீட்டில் மத்தியானம் என்ன விருந்து நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்துவிட வேண்டும், கோழியும் கந்தரப்பமும் ஆட்டம் முடிந்த பிறகு. யாராவது பேச்சுக் குழறி, தடுமாறி, நடத்தை மாறித் தெரிந்தால் அது வெறும் களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். அதேபோல் நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல், கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் ஆட்டம் அந்த நொடியோடு முடிந்தது. புள்ளி எவ்வளவு என்று பார்க்க வேண்டாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கும் பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை ரத்த அழுத்தத்தை ஏற்றும். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் வகை மாத்திரையோடும் நீர் பிரிக்கும் மருந்தோடும், வியர்த்து வற்றிய உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலி சொல்வதைக் கேட்காமல் ஆடி இன்னும் பெரிதாகக் கிழித்துக்கொள்வதும் நடக்கும்.

மோதிரம், கைக் காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், எல்லாரும். மோதிரம் ரிங் வலையில் மாட்டி விரலோடு போன சம்பவங்கள் உண்டு. நகங்களை ஒட்ட வெட்டுங்கள். பந்து விரல் நுனியில் நேராகப் பட்டு வீங்கினால் யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. கரண்டை பிசகினாலும் அப்படித்தான். சுளுக்கு எடுப்பவரிடம் ஓடி எண்ணெய் போட்டு உருவிவிடுவது நம் பக்கம் வழக்கம். முதல் இரண்டு மூன்று நாள் உருவினால் உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம், இறுக்கமில்லாத கட்டு, காலை உயர்த்தி வைப்பது. அந்தக் காலை ஊன்றி நான்கு எட்டு வைக்க முடியவில்லை என்றால் அன்றே எக்ஸ்ரே. விரல் நுனி தொங்கிப்போய் நிமிர்த்த வரவில்லை என்றாலும் அன்றே மருத்துவரிடம். உடனே கட்டை வைத்துக் கட்டினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் சரியாகும், ‘தானா சரியாயிடும்’ என்று விட்டால் அப்படியே நின்றுவிடும்.

உங்கள் மகளுக்கும் இந்த ஏழு வாரம் தேவை. தேர்வுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்த கால்கள் அவை. அவள் வயதுப் பெண்களுக்கு, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிந்து நடுவிலுள்ள தசைநார் கிழியும் ஆபத்து பையன்களைவிட அதிகம். இரண்டு காலாலும் மெத்தென்று, முழங்காலை மடக்கி இறங்கும் பயிற்சி அதைக் குறைக்கிறது. நீங்கள் படியில் எம்பும்போது அவளும் பக்கத்தில் நின்று எம்பட்டும். இன்னொரு சின்ன விஷயம்: பெண்கள் ஆட்டத்தில் ஆறாம் எண் பந்து, ஆண்களுக்கு ஏழாம் எண். உங்கள் போட்டியில் எந்தப் பந்து என்று கேட்டு, ஏழு என்றால் அவள் இப்போதிருந்தே அதில் பழக வேண்டும். பெரிய பந்து என்பதால் கை வாகு மாறும், தூரத்திலிருந்து போடும் பந்து குறையும்.

அவள் போட்ட நிபந்தனைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். கத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள், ஆனால் வாக்கு மட்டும் போதாது. ஆட்டம் சூடுபிடித்தால் வாய் தானாகத் திறக்கும். கத்தும் அவசியமே வராதபடி வேலையைப் பிரித்துவிடுங்கள். உங்கள் ஆறு பேரில் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருப்பவள் அவள் ஒருத்திதான். அவளே பாயிண்ட் கார்டு, அவளே கேப்டன். பந்தை யார் கொண்டுபோவது, எந்தப் பக்கம் தாக்குவது என்று கோர்ட்டுக்குள் சொல்வது அவள். நீங்கள் கேட்பீர்கள். வெளியே உட்கார்ந்து ஆளை மாற்றுவதும் டைம் அவுட் கேட்பதும் அவளுடைய அம்மான் வேலை. அவர் “நீங்க உட்காருங்க அத்தான்” என்றால் மறுபேச்சில்லாமல் உட்கார வேண்டும். அண்ணன் மகன்கள், ‘சின்னப் பொண்ணு சொல்லி நாம கேக்கணுமா’ என்று நினைத்தால் நீங்கள் முதலில் கேட்டுக் காட்டுவதுதான் பதில். சென்னையில் வளர்ந்து இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள், தெரியாமல் இருக்கலாம்.

கோர்ட்டுக்குள் நீங்கள் வாய் திறக்கலாம், இரண்டு விஷயத்துக்கு மட்டும்: பின்வரிசையிலிருந்து “வலப்பக்கம் ஆள்”, “ஸ்கிரீன்” என்று காவலுக்கான குரல், அப்புறம் நல்ல பாஸுக்குப் பாராட்டு. அவள் தவறவிட்ட பந்தைப் பற்றி ஆட்டத்திலும் பேசக்கூடாது, திரும்பும்போது காரிலும் பேசக்கூடாது. அவளாகக் கேட்டால் சொல்லுங்கள். பதினாறு பதினேழு வயதில் தன் அப்பாவோடு ஊர் பார்க்க ஒரே அணியில் ஆட ஒரு பெண் சம்மதிப்பது எளிதில் கிடைப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி என்று அடுத்த வருடம் அவள் எங்கே இருப்பாளோ. எந்தக் கோப்பையை விடவும் இதைப் பெரிதாக நினைக்கச் சொல்கிறேன்.

உங்கள் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டாம், ஈசிஜி எடுத்துவிட்டு வந்து முடிவைக் காட்டுங்கள். தினம் காலையில் நீங்களும் பேத்தியும் முகப்புப் படியில் எம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அவருக்கே பயம் பாதி குறையும்.

ஆக, இந்த வாரத்துக்கு மூன்று வேலை: மருத்துவர், தம்பியின் டிக்கெட், படியில் முதல் பதினைந்து. ஐந்தாம் வாரத்தில் ஒற்றைக் காலில் எத்தனை வருகிறது, முழங்கால் எப்படி இருக்கிறது, மாத்திரையின் பெயர் என்ன என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து, ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் இறங்கலாம் என்று சொல்கிறேன்.